மஞ்சள் பூ, கறுப்பு விதை

தண்டவாள ஓரங்களில் கேட்பாரற்று மலரும் பிரம்மதண்டு, மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய அபினிச் செடியின் உறவு. இதை அடையாளம் கண்டுகொள்ளும் அறிவு தாவரவியல் மாணவர்களைவிட சமையலறைக்குத்தான் அதிகம் தேவை.

மழை ஓய்ந்து, தீபாவளிப் பட்டாசுக் குப்பையும் கூட்டப்பட்ட பிறகு மும்பையின் தரிசுத் துண்டுகளுக்கு ஒரு புது நிறம் வரத் தொடங்கும். ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே இருக்கும் திலக் நகர் இதற்கு விலக்கல்ல. தண்டவாள ஜல்லிக்கு அப்பால், மதில் ஓரங்களில், பழைய குடியிருப்புகளை இடித்துக் கொட்டிய செங்கல் மண்ணில், வேறு செடிகள் முளைக்கத் தயங்கும் இடங்களில் எல்லாம் வெளிறிய நீலப் பச்சை நிறத்தில் முள் இலைகள் விரிகின்றன. குளிர்காலம் முதல் கோடை வரை அவற்றின் உச்சியில் கசங்கிய பட்டுத் துணி போன்ற மஞ்சள் பூக்கள். யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. எதையும் மேயும் ஆடுகூட இதில் வாய் வைக்க யோசிக்கும்.

கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியிலும் செம்பூரிலும் வேர் விட்ட குடும்பங்களின் பெரியவர்களுக்கு இது பிரம்மதண்டு, அல்லது குடியோட்டிப் பூண்டு. மராத்திக்காரர்களுக்கு பிவளா தோத்ரா. உத்தரப் பிரதேசத்துக்காரர் சத்யானாசி என்பார். வங்காளியைக் கேட்டால் ஷியால்காண்டா, அதாவது நரிமுள். தாவரவியல் நூல்களில் ஆர்ஜிமோன் மெக்சிகானா. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ல் வைத்த பெயர் இது.

பெயர்களில் பாதி வசவு என்பதைக் கவனிக்கலாம். சத்யானாசி என்றால் அடியோடு நாசம் செய்வது. குடியோட்டி என்றால் குடியை ஓட்டுவது. மொழி தெரியாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே செடியைப் பார்த்து ஏறக்குறைய ஒரே சாபத்தை வைத்திருக்கிறார்கள். வயலிலும் வாசலிலும் புகுந்துவிட்டால் எளிதில் போகாத களை என்ற எரிச்சலில் வைத்த பெயர்களாக இருக்கலாம். ஆனால் இந்தச் செடி நிஜமாகவே குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சாய்த்த கதை ஒன்று உண்டு. அதற்கு முன் செடியை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் அடையாளம் பால். இலையையோ தண்டையோ காயையோ கிள்ளினால் பளிச்சென்ற மஞ்சள் பால் கசியும். ஊரில் நமக்குப் பழக்கமான எருக்கு, கள்ளி, ஆல் எல்லாவற்றிலும் வெள்ளைப் பால்தான். மும்பையின் சாலையோரச் செடிகளில், முள் இலையும் மஞ்சள் பாலும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு அநேகமாக இடமில்லை. கிள்ளிப் பார்க்கும்போது கையுறையோ தடித்த துணியோ இருக்கட்டும். பால் பட்ட கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது.

அடுத்தது இலை. காம்பில்லாமல் தண்டை அரைவாசி அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு வெட்டின் நுனியிலும் ஒரு முள். நரம்புகளின் மேல் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளைக் கோடுகள். செடி முழங்கால் உயரம், நல்ல இடமாகக் கிடைத்தால் இடுப்பு வரை வளரும்.

பூவில் பொதுவாக ஆறு இதழ்கள், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் கற்றையாக நிற்கும். அதற்கும் நடுவே கருஞ்சிவப்பில் ஒரு பொட்டு. அதுதான் சூலகமுடி. மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லி இதழ்களின் நுனியில் சின்னக் கொம்புகள் இருக்கும். பூ விரியும்போது அந்த உறை கழன்று விழுந்துவிடும். அபினிச் செடியின் குடும்பத்துக்கே உரிய குணம் இது.

ஏமாறக் கூடிய இடங்கள் சில உண்டு. கண்டங்கத்திரியும் தரை முழுக்க முள்தான், அதன் இலை நரம்பிலும் முள் நிற்கும். ஆனால் அதன் பூ ஊதா நிறம். மஞ்சளாக இருப்பது அதன் பழம். மராட்டிய வயல்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கரடயி, தமிழில் குசும்பா, முள் இலையும் மஞ்சள் ஆரஞ்சுப் பூவும் கொண்டது. ஆனால் அது சூரியகாந்தியின் இனம். நூல் நூலாகப் பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து அது. பிரம்மதண்டின் பூவோ அகன்ற இதழ் கொண்ட ஒற்றைப் பூ. காயை மட்டும் பார்த்தால் ஊமத்தை நினைவுக்கு வரும், அதிலும் முள் இருப்பதால். மராத்தியில் 'பிவளா தோத்ரா' என்றால் மஞ்சள் ஊமத்தை என்றே பொருள். தமிழில் பொன்னூமத்தை என்ற பெயரும் இருக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் காயைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தாவரவியல்படி இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

உண்மையான உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. ஆர்ஜிமோன் ஆக்ரோலூக்கா. இதன் இதழ் வெளிறிய பாலேட்டு நிறம், மொட்டு நீளவாக்கில் இருக்கும். பிரம்மதண்டின் மொட்டு உருண்டை, பூ எலுமிச்சை மஞ்சள். ஆஸ்திரேலியாவில் பரவலாகக் காணப்படும் இந்த வெளிறிய இனம் வட இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது.

அபினிச் செடியின் குடும்பம் என்றதும் புருவம் உயரலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிரிடப்படும் அதே அபினிச் செடிதான் நம் குருமாவில் அரைத்து விடும் கசகசாவையும் தருகிறது. அதன் காயைக் கீறினால் வருவது வெள்ளைப் பால். அதிலிருந்து மார்ஃபின். பிரம்மதண்டின் மஞ்சள் பாலில் மார்ஃபின் கிடையாது. வேறு சரக்கு இருக்கிறது. இரண்டு காய்களையும் பக்கத்தில் வைத்தால் உறவு புரியும். இரண்டுமே உச்சியில் திறந்து, காற்றில் ஆடும்போது உப்பு டப்பா போல விதையைத் தூவும்.

இந்தக் குடும்பத்தின் மஞ்சள் பூக்கள் வேறு நாடுகளில் மர நிழலில் மலர்கின்றன. ஐரோப்பாவில் செலண்டைன் என்ற செடி உண்டு. ஆரஞ்சு நிறப் பால், நான்கே இதழ்கள். மருக்களுக்குப் பூச அந்தப் பாலைப் பயன்படுத்திய வெள்ளையர்கள், அமெரிக்காவில் குடியேறியபோது செடியையும் கொண்டுபோனார்கள். இன்று அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் காடுகளில் அது வேண்டாத விருந்தாளி. அங்கே சொந்தமாகவே 'உட் பாப்பி' என்ற மஞ்சள் காட்டுப்பூ ஒன்றும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வந்தேறி என்று நினைத்து மண்ணின் செடியைப் பிடுங்கிவிடும் ஆபத்து அங்கே உண்டு. வித்தியாசம் காயில் தெரிந்துவிடும். வந்தேறியின் காய் வழுவழுப்பான, மெல்லிய நீளக் காய். உள்ளூர்க்காரியின் காய் மயிர் படர்ந்து முட்டை வடிவில் தொங்கும். அங்கே பூவும் இலையும் குழப்பினாலும் காயைப் பார்த்தால் விடை கிடைக்கும். இங்கே ஆபத்து காய்க்குள்ளே, விதையில்.

மும்பையில் நிழலைத் தேடும் வழக்கம் பிரம்மதண்டுக்கு இல்லை. கலைக்கப்பட்ட மண்ணும் நேர் வெயிலும்தான் அதற்கு வேண்டும். இடிப்பதும் கட்டுவதும் ஓயாத நகரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்பமண்டல அமெரிக்காவும் இதன் பிறந்த இடம். 16ம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. முள்ளைப் பார்த்த ஸ்பானியர்கள் 'நரகத்து அத்தி' என்று பெயர் வைத்தார்கள். மிளகாய், பப்பாளி, முந்திரி எல்லாம் கப்பலேறி இந்தியா வந்த அதே காலகட்டத்தை ஒட்டி, அழைப்பில்லாமல் வந்தவற்றில் இதுவும் ஒன்று. வந்த செடி இவ்வளவு வேகமாக ஊரோடு கலந்துவிட்டது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சரகர் கால மருத்துவ நூல்களில் ஸ்வர்ணக்ஷீரி, அதாவது பொன்பால் கொண்ட மூலிகை, பேசப்படுகிறது. பிற்கால வைத்தியர்கள் பலர் அது பிரம்மதண்டுதான் என்று முடிவு கட்டினார்கள். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஒருவர் மெக்சிகோச் செடிக்கு மருந்துக் குறிப்பு எழுதியிருக்க வழியில்லை. பழைய ஸ்வர்ணக்ஷீரி இமயமலைப் பகுதியின் வேறொரு செடி என்று வாதிடும் ஆயுர்வேத அறிஞர்கள் உண்டு. பெயர் ஒன்று, செடி இன்னொன்று. மூலிகைக் கடையில் இது சின்ன விஷயமல்ல.

இனி விதை. ஒவ்வொரு காயிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். கறுப்பு, உருண்டை, கடுகு அளவு. கைப்பிடி கடுகில் இதைக் கலந்து வைத்தால் அவசரத்தில் தாளிப்பவருக்குத் தெரியாது. இந்தச் செடியின் முழு அபாயமும் இந்த ஒப்புமையில்தான் இருக்கிறது.

திலக் நகர் ரயில் நிலையத்தை ஒட்டியே லோக்மான்ய திலக் டெர்மினஸ் இருக்கிறது. பழைய பெயர் குர்லா டெர்மினஸ். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் இங்கிருந்து வண்டி. கோரக்பூருக்கும் பாட்னாவுக்கும் இங்கிருந்துதான். அந்த வண்டிகளில் வந்திறங்கியவர்களின் சமையலறைகள் செம்பூரிலும் குர்லாவிலும் சுவரை ஒட்டிய சுவராக இருக்கின்றன. ஒரு வீட்டில் கடுகு என்றால் சாம்பாரில் வெடிக்கும் ஒரு சிட்டிகை. பக்கத்து வீட்டில் கடுகுதான் எண்ணெயே. மீன் பொரிப்பதும் ஊறுகாய் போடுவதும் குழந்தைக்கு உடம்பு தேய்ப்பதும் அதில்தான். பிரம்மதண்டு விதையின் முழு வீச்சையும் வாங்குவது இந்த இரண்டாவது வீடு.

வட இந்தியாவில் கடுகு வயலில் பிரம்மதண்டு களையாக முளைக்கிறது. கடுகு முற்றி அறுவடையாகும் பருவமும் இதன் காய் முற்றும் பருவமும் ஒட்டி வருகின்றன. கவனக்குறைவாக அறுத்தால் விதை கலந்துவிடும். வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. தரிசில் ஓசியாகக் கிடைக்கும் விதையில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கிறது என்பது கலப்படக்காரருக்குத் தெரியாததல்ல. அந்த எண்ணெயில் சாங்குவினாரின், டைஹைட்ரோசாங்குவினாரின் என்ற இரண்டு நச்சுகள் உண்டு. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் 1% கலந்தாலே ஆள் நோயில் விழப் போதும். சாதாரணச் சமையல் சூட்டில் இந்த நச்சு அழிந்துவிடுவதில்லை.

நோயின் பெயர் எபிடமிக் டிராப்ஸி. கொள்ளைநோய் போலப் பரவி, உடம்பில் நீர் கோத்து வீங்க வைப்பது. முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு இரண்டு கால்களும் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். தோல் சிவந்து எரியும். மூச்சு வாங்கும். நச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் நீரைத் திசுக்களுக்குள் கசிய விடுவதால் வரும் வினை இது. இதயம் பலவீனமானால் மரணம். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி கிளாக்கோமா. 1954லேயே ஹக்கீம் என்ற ஆராய்ச்சியாளர் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் இந்த எண்ணெய்க்கும் கிளாக்கோமாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆர்ஜிமோன் என்ற பெயருக்கு வேர்ச்சொல், கண்ணில் விழும் வெண்புள்ளியைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். கண் நோய்க்கு மருந்தான ஒரு கிரேக்கச் செடியின் பெயரை எடுத்துத்தான் மெக்சிகோச் செடிக்குச் சூட்டினார்கள்.

நோயை அடையாளம் காண அரை நூற்றாண்டு பிடித்தது. 1877ல் கொல்கத்தாவில் கூட்டம் கூட்டமாக மக்களுக்குக் கால் வீங்கியபோது பெரிபெரி என்று நினைத்தார்கள். அரிசி மேல் பழி விழுந்தது. கிருமி என்றும் சிலர் தேடினார்கள். இந்தியர்கள் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த மொரீஷியஸிலும் ஃபிஜியிலும் இதே வீக்கம் தலை காட்டியது. ஒரே வீட்டில் சாப்பிடும் எல்லோரும் விழுகிறார்கள், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை தப்பிக்கிறது. இன்று படிக்கும்போது விடை கண்ணுக்கு முன்னால் நிற்பது போல இருக்கிறது. 1926ல் சர்க்கார் என்ற மருத்துவர் பிரம்மதண்டு எண்ணெய் பக்கம் விரலை நீட்டினார். 1930களின் பிற்பகுதியில் லால், ராய் ஆகியோரும், பிறகு சோப்ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் தாமாக முன்வந்தவர்களுக்கு இந்த எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. நச்சைப் பிரித்தெடுத்து சாங்குவினாரின் என்று அடையாளம் காட்டிய கட்டுரை 1948ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதை எழுதியவரும் ஒரு சர்க்கார்தான்.

காரணம் தெரிந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. 1954லிருந்தே நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்தது. இருந்தும் 1998 ஆகஸ்டில் தலைநகரே சிக்கியது. தில்லியின் மருத்துவமனைகளுக்குக் கால் வீங்கியவர்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். 3,000 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகு எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பது தடை செய்யப்பட்டது. தினமும் அரை லிட்டர் கால் லிட்டர் என்று வாங்கிப் பிழைக்கும் ஏழைகளின் அடுப்பில் அந்தத் தடை உடனே தெரிந்தது. விழுந்தவர்களிலும் அவர்களே அதிகம், சீல் வைத்த டின் வாங்க வசதி இல்லாதவர்கள்தானே தகரப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்குகிறார்கள். தில்லியோடும் இது முடிந்துவிடவில்லை. 2000ல் குவாலியர், 2005ல் லக்னோ என்று தொடர்ந்தது.

இந்த நோய்க்கென்று மாற்று மருந்து கிடையாது. எண்ணெயை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. வீக்கத்துக்கும் இதயத்துக்கும் தனித்தனியே வைத்தியம். அதனால்தான் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது உயிர்ப் பிரச்சினையாகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு மேல் காலில் வீக்கமும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், எந்த எண்ணெயில் சமைக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். உடம்பில் தேய்க்கும் எண்ணெயையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தோல் வழியாகவே நச்சு ஏறி நோய் வந்ததை 1985லேயே இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நமக்குக் கடுகு எண்ணெய் கிடையாதே என்று தமிழர்கள் நிம்மதியடைந்தால் அது முழு நிம்மதி இல்லை. குஜராத்தில் கடலை எண்ணெயில் கலந்து இதே நோய் வந்திருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் கோதுமையில் விதை கலந்தே பரவியது. தாளிக்கும் ஒரு சிட்டிகைக் கடுகில் இரண்டு விதை கலந்திருப்பதால் ஒருவர் கால் வீங்கிவிடப் போவதில்லை. அளவு மிகக் குறைவு. ஆனால் கடுகுப் பொட்டலத்தில் அது இருக்கிறது என்றால், அந்தச் சரக்கு வந்த வயலும் மண்டியும் எப்படிப்பட்டவை என்பது தெரிகிறது. அதே மண்டியின் மூட்டைகள் எண்ணெய் ஆலைக்கும் போகின்றன.

கடுகைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கொஞ்சம் கடுகைக் கண்ணாடித் தட்டில் பரப்பி நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடுகு வழுவழுப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை இன்னும் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் அதன் மேல் வலைப்பின்னல் தெரியும், ஒரு பக்கம் சின்ன வரம்பு ஓடும். இன்னும் சந்தேகமா? இரண்டையும் நசுக்கினால் போதும். கடுகின் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டின் உள்ளே வெள்ளை. பூவில் மஞ்சள் இருப்பது ஒன்று, விதைக்குள் மஞ்சள் இருப்பது இன்னொன்று. நினைவில் வைத்துக்கொள்ள வசதியான குறுக்கு முடிச்சு. நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனையாகச் சொல்வதும் இதைத்தான்.

எண்ணெயாகப் பிழிந்த பிறகு கண்ணால் காண வழியில்லை. நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக் கொடுக்காது. ஆய்வுக்கூடத்தில் எண்ணெயோடு அடர் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் அமில அடுக்கு ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை மாறும். மிகக் குறைந்த கலப்பைப் பிடிக்க இதைவிட நுட்பமான காகித வண்ணப் பிரிகைச் சோதனை உண்டு. அடர் நைட்ரிக் அமிலம் கையைப் பொசுக்கும், இது வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல. சட்டத்தின் பக்கம் பார்த்தால், 2006ல் வந்த புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011 முதல் அமலான விதிகள், மாநில அரசு விலக்கு அளித்தால் ஒழிய, சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் விற்கக் கூடாது என்கின்றன. எந்தச் சமையல் எண்ணெயிலும் பிரம்மதண்டு எண்ணெய் அறவே இருக்கக் கூடாது. 2021 ஜூனில் கடுகு எண்ணெயோடு வேறு எந்தச் சமையல் எண்ணெயையும் கலந்து விற்பதற்கும் தடை வந்தது. கலவைக்கு அனுமதி இருக்கும் வரை என்ன கலந்திருக்கிறது என்று விசாரிப்பது இரட்டை வேலை. அந்த வகையில் இது காலம் கடந்து வந்த நல்ல விதி.

அப்படியானால் கண்ட இடத்தில் வெட்டிச் சாய்க்க வேண்டிய செடிதானா? சித்த மருத்துவத்தில் பிரம்மதண்டின் இலைக்கும் வேருக்கும் இடம் உண்டு. பயிற்சி பெற்ற சித்த மருத்துவர் அளவோடு கொடுப்பது வேறு, பாலை நேராகக் கண்ணில் விடும் பாட்டி வைத்தியம் வேறு. இரண்டாவது ஆபத்தானது, விட்டுவிட வேண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. அங்கே கிராமத்து வைத்தியர்கள் மலேரியாவுக்கு இதே செடியின் இலைக் கஷாயத்தைக் கொடுத்து வந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் 301 நோயாளிகளிடம் அதை நவீன கூட்டு மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவமனை எட்டாத கிராமத்தில் முதல் உதவியாகக் கொடுக்கத் தகுதியுள்ளது என்ற அளவுக்கு முடிவு சாதகமாக இருந்தது. அவர்கள் கொடுத்தது இலை வெந்த நீர், விதை எண்ணெய் அல்ல. ஒரே செடியின் இரண்டு பாகங்களுக்கு இடையே இருக்கும் இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ளாமல் மூலிகை என்றதும் விழுந்து கும்பிடுவதும், விஷம் என்றதும் அலறுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

திலக் நகரில் வீட்டு வாசலிலோ சொசைட்டித் தோட்டத்திலோ முளைத்தால் என்ன செய்வது என்பது எளிமையான கேள்வி. பூ அழகாக இருக்கிறதென்று தொட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் உண்டு. மேல்நாடுகளில் இதன் இனங்களைத் தோட்டத்துக்கென்றே வாங்குகிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். காய் பச்சையாக இருக்கும்போதே, தடித்த கையுறையோடு, ஆணிவேரும் வரும்படி பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருந்தால் சுலபம். மேலாக வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். காய் பழுத்து உச்சி பிளந்துவிட்டால் பிடுங்கும் கையே விதையைத் தூவிவிடும். அப்போது முதலில் காய்களை ஒரு பையில் கத்தரித்துப் போட்டுக்கொண்டு பிறகுதான் செடியில் கை வைக்க வேண்டும். மண்ணில் விழுந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். அந்த மண்ணை லாரியில் ஏற்றி மான்குர்துக்கோ கோவண்டிக்கோ கொண்டுபோய்க் கொட்டினால், அடுத்த குளிர்காலத்தில் அங்கே மஞ்சள் பூ பூக்கும்.